யாரும் அழுத்தாத ஆம்

பெங்களூரு,
5 ஜனவரி 2026

அன்புள்ள மதினிக்கு,

அப்பா இருந்தவரை எந்தக் கடிதத்தின் தலையிலும் 'சேசு மரி சூசை' என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குவார். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. உங்கள் கோபத்துக்கு முன்னால் அவர்களை எதற்கு நிறுத்துவது என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். ஆன்டனி அண்ணனுக்குப் போட்டால் "அவ பேச மாட்டாளாம்" என்று சொல்லி வைத்துவிடுகிறான். அம்மா எடுத்தால் அழுகிறாள். போதாக்குறைக்கு, ராமநாதபுரம் ஆஸ்பத்திரி விஷயமாக யாரும் போனிலோ மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வெளியாட்களிடம் பேசக் கூடாது என்று எங்கள் கம்பெனி வக்கீல்கள் உத்தரவு போட்டிருக்கிறார்கள். அதில் கடிதம் என்ற வார்த்தை இல்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே அவர்களுக்கு மறந்திருக்கும்.

"கவுன்டர் ஊழியர் கவிப்ரியா, இரண்டு நோயாளிகளின் பதிவுகளை ஒன்றாகச் சேர்க்க ஒப்புதல் அளித்துள்ளார்." எங்கள் கம்பெனி அறிக்கையில் இருக்கும் இந்த வரியை நான்தான் எழுதினேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை, மதினி. அதை எழுதியது வேறு மாடியில் இருக்கும் ஆட்கள். நான் இங்கே சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன், அவ்வளவுதான். அறிக்கை என் திரைக்கு வந்தபோது 'லூர்து மேரி, பாம்பன்' என்று பார்த்ததும் அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். பக்கத்து சீட்டு யுவராணிதான் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அப்புறம்தான் படித்தேன். மேல வீட்டு லூர்து மேரி சின்னம்மாவின் பதிவும் அம்மாவின் பதிவும் ஒன்றாகிப்போனதாக எழுதியிருந்தது.

இங்கே ஒரு பெரிய வெண்கல மணி இருக்கிறது. புதிதாக ஓர் ஆஸ்பத்திரி எங்கள் சாஃப்ட்வேருக்கு மாறும்போதெல்லாம் அதை அடிப்பார்கள், எல்லோரும் எழுந்து கை தட்டுவோம். உங்கள் ஆஸ்பத்திரி மாறிய அன்று நானே கேட்டு வாங்கி அடித்தேன். எங்க ஊர், எங்க ஊர் என்று கத்தினேன். அதற்குப் பிறகு அந்தக் கவுன்டரில் என்ன நடக்கிறது என்று இங்கே யாருக்கும் தெரியாது. உங்களைப் போன்றவர்களுக்கு இங்கே பெயர் கிடையாது, 'யூஸர்' என்பார்கள்.

என்னதான் நடந்தது என்று உங்கள் வாயால் எனக்குத் தெரிய வேண்டும். திட்டியாவது எழுதுங்கள்.

ஹெலன்


உ
பாம்பன்,
10 ஜனவரி 2026

ஹெலனுக்கு,

எனக்குப் பிள்ளையார் சுழி போடாமல் எழுத வராது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நீ எழுதவில்லை என்கிறாய். சரி. மணியை நீ அடித்தாய் அல்லவா, அது போதும்.

கேட்டுக்கொள். மேல வீட்டு அத்தைக்கு மீன் பிரிக்கும்போது திருக்கை முள் காலில் குத்தி, சீழ் பிடித்து, காய்ச்சலில் பினாத்திக்கொண்டிருந்தார்கள். அருளானந்தம் மாமா ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். கவுன்டரில் அன்றைக்குத் தேர்க்கூட்டம். பெயர், லூர்து மேரி. ஊர், பாம்பன். பிறந்த தேதி கேட்டேன். "லூர்து மாதா திருநாள்னு போடுத்தா" என்றார் மாமா. பிப்ரவரி பதினொன்று. நான் நயினார்கோவில் பக்கம் வயல்காட்டில் பிறந்தவள். மாதா திருநாளை ஒட்டிப் பிறந்த பெண் பிள்ளைக்கெல்லாம் லூர்து மேரி என்று பெயர் வைத்து அந்த நாளையே பிறந்த நாளாகவும் ஆக்கிவிடுவீர்கள் என்பது கல்யாணம் ஆகி இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆதார் கார்டிலும் அதே தேதிதான், இரண்டு பேருக்கும் வருஷமும் ஒன்றுதான். போன் நம்பர், மாமாவிடம் போன் இல்லாததால் வழக்கம்போல உன் அண்ணன் நம்பர். ஆக, பெயர், ஊர், தேதி, போன் எல்லாம் நம் வீட்டு அத்தைக்கும் அதேதான். நம் தெருவில் 'கிணத்தடி லூர்து மேரி', 'மேல வீட்டு லூர்து மேரி' என்றால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உன் கம்பெனிப் பெட்டியில் கிணற்றடிக்கும் மேல வீட்டுக்கும் இடம் இல்லை.

திரையில் 'இருவரும் ஒருவரா?' என்று ஒரு பெட்டி வந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் டோக்கன் கேட்டு ஜன்னலைத் தட்டினார். திரும்பிப் பதில் சொல்லிவிட்டுப் பார்த்தால் திரை அடுத்த பக்கம் போயிருந்தது. மேல வீட்டு அத்தைக்குப் பென்சிலின் ஆகாது என்று அவர்கள் பழைய பதிவில் சிவப்பில் இருந்தது. அதற்கு முந்தின வாரம் மூட்டு வலிக்கு வந்த நம் அத்தையின் பதிவு அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதில் ஒவ்வாமை இல்லை. ஊசி போட்டுவிட்டார்கள்.

முகம் வீங்கி, மூச்சு நின்று, மதுரைக்குக் கொண்டு போனார்கள். மூளைக்குக் காற்று போகாமல் இருந்துவிட்டதாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் கண் திறந்தார்கள். இன்னும் வலது கை எழும்பவில்லை.

மேனேஜர் மதுமதி மேடம் திரையைத் திருப்பிக் காட்டினார். 'இருவரும் ஒருவரே: ஆம். உறுதி செய்தவர்: கவிப்ரியா.' நான் அழுத்தவில்லை என்றேன். "அழுத்தாம எப்படிம்மா வரும்?" என்றார். என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அருளானந்தம் மாமா இப்போது உன் அண்ணன் போட்டில் ஏறுவதில்லை. "மாமியா பேரையும் என் பொண்டாட்டி பேரையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாதவளுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று கரையில் வைத்துக் கேட்டாராம்.

ஆரம்பத்தில் அழுத்தவில்லை என்று சூடம் அணைத்துச் சொல்வேன் என்று நின்றேன். இப்போது படுத்தால் என் விரல் அந்தப் பெட்டிமேல் போவது போலவே தெரிகிறது. எனக்கே என்மேல் நம்பிக்கை போய்க்கொண்டிருக்கிறது, ஹெலன். நீ படித்தவள், அதைச் சோதித்தவள். எனக்கு ஒரே ஒரு பதில் சொல். நான் அதை அழுத்தினேனா, இல்லையா?

கவிப்ரியா


பெங்களூரு,
16 ஜனவரி 2026

மதினி,

நீங்கள் அழுத்தவில்லை.

இந்த ஒரு வரியோடு கடிதத்தை மடித்து அனுப்பிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் காரணம் தெரியாவிட்டால் மறுபடி உங்கள் விரல்மேல் சந்தேகம் வரும்.

முன்பெல்லாம் ஒரே மாதிரி இரண்டு பேர் இருந்தால் 'இருவரும் ஒருவரா?' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். ஆமோ இல்லையோ அழுத்தினால்தான் நகரும். கூட்டம் தேங்குகிறது என்று பெரிய ஆஸ்பத்திரிகள் சத்தம் போட்டன. புதிய பதிப்பில் பெட்டி கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். யாரும் தொடாவிட்டால் 'ஆம்' என்று தானே எடுத்துக்கொண்டு, அப்போது கவுன்டரில் இருப்பவர் பெயரில் எழுதிவிட்டுப் போய்விடும். போன வருஷம் ஒரு நாள் டீ ஆறட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் திரையில் அது நடந்தது. தொடாத ஒன்றுக்கு என் பெயர் விழுந்திருந்தது. உடனே எழுதிப் போட்டேன். "எங்கள் ஊர்ப் பக்கம் ஒரே பெயர், ஒரே தேதி சகஜம், இது ஆபத்து" என்றும் எழுதினேன். எங்கள் மேனேஜர் நாகேந்திரன், 'டிசைன்படிதான் இயங்குகிறது' என்று பதில் போட்டு மூடிவிட்டார். அந்த வார்த்தை இங்கே எல்லா வாயையும் அடைக்கும். தப்பு என்றால் திருத்த வேண்டும். டிசைன் என்றால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. நான் மறுபடி கேட்டபோது வருஷ மதிப்பீட்டில் என் மதிப்பெண்ணைக் குறைத்து, 'குழுவோடு ஒத்துப்போகப் பழக வேண்டும்' என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி உங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கும் விசாரணைக்குக் கம்பெனி சார்பில் என்னை அனுப்புகிறார்கள். "நீ லோக்கல், அவங்க பாஷை பேசுவே" என்றார் நாகேந்திரன். நீங்கள் என் மதினி என்று இங்கே யாருக்கும் தெரியாது. உங்கள் பெயரையும் என் பெயரையும் பார்த்து ஒரே வீடு என்று யார் நினைப்பார்கள்? தவறு ஊழியருடையது என்று நான் வாசிக்க வேண்டிய தாளையும் கொடுத்துவிட்டார்கள்.

அதை வாசிக்கப் போவதில்லை. உங்கள் கவுன்டர் கம்ப்யூட்டரையே திறந்து, எல்லோரையும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்லப் போகிறேன். பெட்டி தானே போவதை மதுமதி மேடம் கண்ணால் பார்க்கட்டும். வேலை போகும், தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. அதுவரை நம் உறவைச் சொல்லாமல் மறைத்துவிடலாமா?

ஹெலன்


உ
பாம்பன்,
20 ஜனவரி 2026

ஹெலன்,

உன் முதல் வரியை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "இன்னொருக்க வாசித்தா" என்றார்கள். மூன்று தடவை வாசித்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இது தெரிந்திருந்தும் ஒரு வார்த்தை வீட்டில் சொல்லாமல் இருந்தாயே என்று இப்போது வேறு கோபம் வந்திருக்கிறது. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

உறவை மறைக்காதே. பின்னால் தெரிந்தால், "நாத்தனாக்காரி மதினிக்காகப் பொய் சொன்னா" என்று ஒரே வார்த்தையில் உன்னையும் என்னையும் சேர்த்து மூட்டை கட்டிவிடுவார்கள். உன் மேனேஜரிடம் இன்னார் என்று சொல், நீ என்ன பேசப் போகிறாய் என்பதையும் சொல். உண்மையைத்தானே பேசப் போகிறோம், முந்தானைக்குள் ஒளித்து எடுத்துக்கொண்டு போவானேன்? நம்மிடம் வேறு என்ன இருக்கிறது, நேரே நிற்பதைத் தவிர?

வேறு ஆளை அனுப்பினால் அனுப்பட்டும், நீ வீட்டு ஆளாக வந்து நில்.

உன் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கு வருவான். உம்மென்று இருப்பான். கண்டுகொள்ளாதே.

கவிப்ரியா


பெங்களூரு,
31 ஜனவரி 2026

மதினி,

விசாரணை முடிந்து நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனீர்கள். வீட்டுக்கு வர எனக்குக் கால் வரவில்லை, நேரே பஸ் ஏறிவிட்டேன். அம்மாவிடம் மன்னிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னபடியே நாகேந்திரனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் உறவு, பெட்டி, கையைக் கட்டிக்கொண்டு பார்க்கச் சொல்லப் போவது, ஒன்று விடாமல். கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார். "உன் மனசாட்சிப்படி பேசு, நீயே போ" என்றார். இவ்வளவு நல்லவரா என்று அன்றைக்கு அவருக்காக ஜெபம்கூடச் செய்தேன், மதினி! நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்த அறையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் என் நெஞ்சு ஆறாது. பெயரையும் தேதியையும் போட்டேன். பெட்டி வந்தது. "எல்லாரும் கையக் கட்டிக்கிட்டுப் பாருங்க" என்றேன். எல்லோரும் கட்டிக்கொண்டார்கள், நீங்களும் கட்டிக்கொண்டீர்கள். பெட்டி ரோட்டில் படுத்த மாடு மாதிரி அசையவே இல்லை. மதுமதி மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு டாக்டர் தொண்டையைச் செருமினார். நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "சொந்தக்காரங்கன்னு சொன்னீங்கல்ல, புரியுது" என்றார் மேடம், இரக்கத்தோடுதான். அந்த இரக்கத்தைவிட ஓர் அறை விட்டிருக்கலாம்.

இங்கே திரும்பி வந்தால் என் அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. செக்யூரிட்டி அண்ணன் என் டம்ளரையும் ஸ்வெட்டரையும் அட்டைப் பெட்டியில் போட்டு வாசலிலேயே கொடுத்தார். பாவம், அவர் கண்ணும் கலங்கியிருந்தது. யுவராணி சாயங்காலம் என் அறைக்கு வந்தாள். நான் நாகேந்திரனிடம் சொன்ன மறுநாளே அவளையும் இன்னும் இரண்டு பேரையும் விடிய விடிய உட்கார வைத்து, பெட்டியைப் பழையபடி காத்திருக்கும்படி மாற்ற வைத்திருக்கிறார்கள். விசாரணைக்கு முந்தின ராத்திரி எல்லா ஆஸ்பத்திரிக்கும் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டார்கள். எதற்கென்று அவளுக்கே அப்போது தெரியாது. தெரிந்ததும் நேரே என்னிடம் வந்திருக்கிறாள். "நெட்டு சரியில்லாத நாலு சின்ன கிளினிக்குக்குத்தான் இன்னும் போய்ச் சேரல, மத்த எல்லா எடத்துலயும் மாறிருச்சு, ஒன்னும் பண்ண முடியாதுடி" என்று அழுதாள். அவளுக்கு வீட்டில் தங்கை இருக்கிறாள், படிக்கிறாள். அவளைச் சாட்சி சொல்ல வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

உங்களைக் காப்பாற்ற வந்து பொய்க்காரி ஆக்கிவிட்டேன். இனி எழுத என்ன இருக்கிறது.

ஹெலன்


உ
பாம்பன்,
13 பிப்ரவரி 2026

ஹெலன் கண்ணு,

அன்றைக்கு உன் முகத்தைப் பார்க்காமல் போனது கோபத்தில் இல்லை. பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். உன் கடிதம் வந்ததும்தான் விளங்கியது. நேரே நில், எல்லாவற்றையும் சொல் என்று உன்னை மாட்டிவிட்டது நான். நீ எதற்கு மன்னிப்புக் கேட்கிறாய்?

ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு வரி என்னை உட்கார விடவில்லை. நெட் சரியில்லாத சின்ன கிளினிக். எனக்கு காலிதா ஞாபகம் வந்தது. உன் கம்பெனி ஆட்கள் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை. பெரியபட்டினத்தில் ஒரு டாக்டர் கிளினிக்கில் கவுன்டரில் இருக்கிறாள். நெட்டு வருவதும் போவதும் அவளுக்கே தெரியாது என்று சொல்லிச் சிரிப்பாள். உன் அண்ணனை வண்டி எடுக்கச் சொன்னேன். கடலுக்குப் போகாமல் கூட்டிக்கொண்டு போனான், உம்மென்றுதான்.

விஷயத்தைச் சொன்னேன். "இங்கனயும் ஒரே பேரு நெறையா இருக்குக்கா. பாத்துருவோம், பிஸ்மில்லா" என்று ஒரு பெயரைத் தட்டினாள். பெட்டி வந்தது. மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டோம். உன் அண்ணன் போனில் படம் பிடிக்க வேண்டியவன், அவனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ஏலே, நீ புடிடா" என்று புருஷன் என்றும் பார்க்காமல் அதட்டினேன். அவன் போனைத் தூக்கவும் பெட்டி தானாகக் காணாமல் போகவும் சரியாக இருந்தது. கீழே விழுந்தது வரி. 'ஆம். உறுதி செய்தவர்: காலிதா.'

என் விரல் எனக்குத் திரும்பக் கிடைத்தது போல இருந்தது. காலிதா சந்தோஷப்படவில்லை. "யா அல்லா, நான் தொடவே இல்லையேக்கா" என்றாள். பிறகு பழைய பதிவுகளைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தாள். உறுதி செய்தவர் காலிதா, காலிதா, காலிதா என்று போய்க்கொண்டே இருந்தது. அவள் டாக்டரும் வந்து பார்த்தார். படத்தை எடுத்துக்கொண்டு அவரே மதுமதி மேடத்திடம் வந்தார்.

என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள், போனேன். மேடம் எழுந்து நின்று என் கையைப் பிடித்தார். என் பெயரில் இருக்கும் அந்த 'ஆம்' என்பதை அழித்துவிடுங்கள் என்றேன். அழிக்க முடியாதாம். பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் எழுதலாமாம். உன் கம்பெனியிலிருந்து வந்த பதிலில் தப்பு என்ற வார்த்தை கிடையாது, 'மேம்படுத்தப்பட்டது' என்று இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. காலிதா தினமும் வேலை முடிந்து அந்தப் பெயர்களுக்கெல்லாம் போன் போட்டு, "நீங்க எந்த ஆயிஷா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

முந்தாநாள் மாதா திருநாள். மேல வீட்டு அத்தையை மதுரையிலிருந்து கூட்டி வந்துவிட்டார்கள். மாதா சிலை நிற்கும் கெபி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு கொஞ்சம் குழறுகிறது. நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். "ஏத்தா, இங்கன வா" என்று இடது கையால் கூப்பிட்டார்கள். அருளானந்தம் மாமா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை சொன்னார்கள்: "இந்த நாளு எனக்கு வேண்டாந்தா. இது மாதாவோட நாளு, கிணத்தடிக்காரி வேணா வச்சுக்கிறட்டும். நான் மதுரையில கண்ணு முழிச்சேன்ல, அன்னைக்குத்தான் பொறந்தேன். அதப் போட்டுரு." நம் அத்தை பக்கத்தில் நின்று, "எனக்கும் வேற நாளு பாத்துப் போடுத்தா, இவ இல்லாம நான் மட்டும் எதுக்கு?" என்று விம்மினார்கள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். நானும்தான்.

நீ கிளம்பி வா. சோறு போட ஆள் இருக்கிறது, திட்டவும் ஆள் இருக்கிறது.

நேற்று கவுன்டரில் முதல் டோக்கன் மேல வீட்டு அத்தைதான், காலுக்குக் கட்டு மாற்ற. லூர்து மேரி, பாம்பன், டிசம்பர் இருபத்தொன்று. மாமாவுக்கு இப்போது சொந்தமாக ஒரு போனும் இருக்கிறது. ஆனாலும் பெயரும் ஊரும் ஒன்றாக இருந்ததால் பெட்டி வந்தது. இவரும் கிணற்றடி லூர்து மேரியும் ஒருவரா என்று கேட்டுக்கொண்டு அப்படியே நின்றது. பின்னால் வரிசையில் சத்தம் போட்டார்கள். போடட்டும் என்று அத்தை முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தேன். 'இல்லை' என்று அழுத்தினேன்.

இதை அழுத்தியது நான்தான்.

உன் மதினி
கவிப்ரியா